சிந்தலுக்கு ஒரு டிரே

பொன்னழகு எதையும் மாற்ற விரும்புகிறவள் அல்ல. திண்டுக்கல் வெங்காயச் சந்தையில் அவளுடைய கமிஷன் கடையில் அவள் உட்காரும் நாற்காலிக்கு ஒரு பக்கம் கை கிடையாது. அது அவள் கணவர் மலைச்சாமியின் காலத்திலேயே உடைந்துபோனது. இல்லாத கையின் மேல் முழங்கையை ஊன்றப் போய் அவள் ஒருமுறைகூடச் சரிந்ததில்லை. ஆகவே நாற்காலியை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

கடையைத் தொடங்கியவர் மலைச்சாமி. அவருக்கு மூட்டு வலி வந்தது. அதற்கு வெகுநாள் முன்பே சலிப்பு வந்திருந்தது. ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று போனார். போன பிறகு தோப்புதான் அவரைப் பார்த்துக்கொண்டது. ஆள் கிடைக்கிற வரைக்கும் கடையில் உட்கார் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆள் கிடைக்கவில்லை. தேடியதாகவும் தெரியவில்லை. கடையை அவளுக்குக் கொடுத்தார் என்று சொல்ல முடியாது. போட்டுவிட்டுப் போனார் என்பதுதான் சரி.

அது நடந்து பதினொரு வருடம் ஆகிறது. வாசலில் தொங்கும் பலகையில் இன்னும் மலைச்சாமியின் பெயர்தான். ஆனால் கன்னிவாடியிலிருந்து சின்ன வெங்காயம் ஏற்றி வரும் வேன்காரர்கள், "பொன்னழகு கடையில எறக்கு" என்றுதான் சொன்னார்கள். பிறந்த ஊரில் அவள் யாருக்கோ தங்கை, கட்டிக்கொண்ட ஊரில் மலைச்சாமி பெண்சாதி. அவளுடைய சொந்தப் பெயர் புழங்கிய இடம் இந்தக் கடை ஒன்றுதான். அவள் இதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. பேசியிருந்தால் வெங்காயம் விற்கிறவளுக்கு இது ஒரு பேச்சா என்று கேட்டிருப்பார்கள்.

கடையில் வேலை நடக்கிற முறை எளிமையானது. விவசாயிகளின் மூட்டைகள் வேனில் வரும். சுமை தூக்குகிறவர்கள் இரும்புக் கொக்கியைச் சாக்கில் மாட்டி இழுத்து, முதுகில் ஏற்றி, உள்ளே கொண்டுவந்து தரையில் கொட்டுவார்கள். குவியலைச் சுற்றி உட்கார்ந்து நல்லதையும் சொத்தையையும் பிரித்து மறுபடி மூட்டை கட்டுவார்கள். வேனுக்கும் குவியலுக்கும் நடுவில், கொக்கி கிழித்த ஓட்டைகள் வழியாக, கொஞ்சம் வெங்காயம் கீழே விழும். அதற்குச் சிந்தல் என்று பெயர்.

சிந்தல் கூட்டுகிற பெண்களுக்கு. அவர்களுக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. எந்தக் கடை வாசல் யாருடைய விளக்குமாற்றுக்கு என்பது அவர்களுடைய அம்மாக்களின் காலத்திலேயே முடிவாகிவிட்டது. பொன்னழகு கடை வாசல் செபாஸ்தியம்மாளுக்கும் அவரோடு வரும் இரண்டு பேருக்கும். கூட்டியதைச் சுளகில் போட்டுப் புடைத்து, மண்ணைத் தள்ளிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கொண்டுபோய்க் கூறு போட்டு விற்பார்கள். இது நெடுநாளாக நடந்து வந்தது. எல்லாரும் தினம் பார்த்தார்கள் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

ஐப்பசியில் ஒரு சந்தை நாள் காலை, நூர் அகமது வந்து பொன்னழகின் உள்ளங்கையில் ஒரு வெங்காயத்தை வைத்தார். கேரளத்துக்கு லோடு அனுப்பும் வியாபாரி அவர். கடைக்கு வரும் வெங்காயத்தில் பாதியை அவர்தான் எடுப்பார். வெங்காயத்தின் விலாவில் ஒரு துளை. துளையைச் சுற்றி அழுகல்.

"கொக்கி பட்டதும்மா. இது ஒண்ணு அழுகுனா மூட்டையே நாறுது. அங்க மழையில மூட்டையப் பிரிக்கக்கூட மாட்டேங்குறான். மோந்து பாத்துட்டுத் திருப்பி அனுப்புறான்."

"சொல்லிப் பாக்குறேன் பாய்."

"போன வருசமும் சொல்லிப் பாக்குறேன்னுதான் சொன்னீங்க. தை பொறக்குறதுக்குள்ள கொக்கி நிக்கணும். தரையில கொட்டுறது நிக்கணும். நிக்கலைன்னா நான் வேற கடைக்குப் போகணும். போற அன்னைக்கு வந்து சொல்ல எனக்குச் சங்கடமா இருக்கும். அதான் இப்பவே சொல்லிட்டேன்."

அவர் போனால் கடை நிலைக்காது. இதைப் புரிந்துகொள்ளப் பொன்னழகுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. மலைச்சாமிக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. பக்கத்துக் கடைக்காரர் ரொம்ப நாளாகக் கடையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், கொடுத்துவிடலாமா என்று அன்று சாயங்காலமே போனில் கேட்டார். தோப்புக்கு வந்தால் காற்றாட இருக்கலாம் என்றும் சொன்னார். பொன்னழகு தோப்புக் காற்றில் இருந்து பார்த்தவள். மதியம் வரைக்கும் நன்றாக இருக்கும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாது.

அந்த மாதமே சிறு வியாபாரிகளுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் ஒருநாள் பயிற்சி நடந்தது. தொழிலில் மாற்றம் கொண்டுவருவது எப்படி என்பது தலைப்பு. பொன்னழகு போனாள். பாடம் நடத்திய கிறிஸ்துராஜ் என்பவர் நிதானமாகப் பேசினார். இப்போது எங்கே நிற்கிறோம், எங்கே போக வேண்டும், யார் எதைச் செய்ய வேண்டும் என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளச் சொன்னார். எந்த மாற்றத்துக்கும் எதிர்ப்பு வரும். வந்தால் பயப்படாமல் எதிர்க்கிறவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். மதியம் பிரியாணி போட்டார்கள். பிரியாணி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நன்றாக இருந்தது. மற்றதைப் பற்றி அவள் உடனே முடிவெடுக்கவில்லை.

ஆனால் திட்டம் போட்டாள். இனிமேல் கொக்கி கிடையாது. மூட்டையை இரண்டு பேர் காதைப் பிடித்துத் தூக்க வேண்டும். தரையில் கொட்டாமல், இடுப்பு உயரத்துக்குக் கம்பிவலை அடித்த மேசையில் கொட்டிப் பிரிக்க வேண்டும். பிரித்ததைப் பிளாஸ்டிக் டிரேயில் அள்ளி, டிரேயிலிருந்தே எடை போட வேண்டும். வெங்காயம் எங்கேயும் தரையைத் தொடாது. திட்டத்தில் தப்பு என்று யாரும் ஒன்றைக் காட்டியிருக்க முடியாது. அதுதான் அதன் குறை என்று பிற்பாடு தெரிந்தது.

எல்லாரையும் கூப்பிட்டு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு எதிர்ப்புக்காகக் காத்திருந்தாள். சுமை தூக்குகிறவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்த பேச்சிமுத்து வடையைக் கடித்தபடி, நல்ல விஷயந்தானக்கா, செஞ்சுருவோம் என்றான். மற்றவர்களும் செஞ்சுருவோம் என்றார்கள். கூட்டுகிறவர்களிடம் அவள் கொஞ்சம் பெருமையாகவே, "இனிமே உங்களுக்குக் கூட்டுற சோலியே இருக்காதுக்கா" என்றாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்ற செபாஸ்தியம்மாள், நல்லதுதான் தாயி என்றார்.

பொன்னழகுக்கு இது சரியாகப் படவில்லை. கிறிஸ்துராஜுக்குப் போன் செய்து, யாருமே எதிர்க்கவில்லையே சார் என்றாள். அவர் பாராட்டினார். இப்படி அமைவது அபூர்வம் என்றார். காரணம் தெரியாத பாராட்டை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்றும் சேர்க்கவில்லை.

முதல் வாரம் திட்டப்படி நடந்தது. பிறகு கனமான மூட்டைக்கு மட்டும் கொக்கி வந்தது. பிறகு எல்லா மூட்டையும் கனமாகிவிட்டது. மேசையில் கொட்டிய வெங்காயம் ஒரே பக்கமாக உருண்டு கீழே விழுந்தது; குனிந்து பார்த்தால் மறுபக்கத்து இரண்டு கால்களுக்கும் யாரோ செங்கல் வைத்திருந்தார்கள். மேசை ஆடியது, அதற்காக வைத்தது என்று சொன்னார்கள். டிரேக்களின் மூலையில் ஓட்டை விழ ஆரம்பித்தது. தூக்கிக்கொண்டு நடந்தால் வழியெல்லாம் வெங்காயம் சொட்டியது.

"எலிக்கா" என்றான் பேச்சிமுத்து.

பொன்னழகு டிரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஏலே, எலி சதுரமாவா கடிக்கும்?"

பேச்சிமுத்துவும் பார்த்தான். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தான். "பழகுன எலியா இருக்கும்க்கா."

அவள் திட்டினாள். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் இருந்தது. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு பதிலும் நியாயமாகவே இருந்தது. கார்த்திகை முழுவதும் இப்படிப் போயிற்று. நூர் அகமது வரும்போதெல்லாம் ஆணியில் தொங்கும் கொக்கிகளைப் பார்ப்பார், எண்ணிவிட்டுப் போவார். மலைச்சாமி வாரம் ஒருமுறை, கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.

மார்கழியில் ஒரு காலை பொன்னழகு ஒரு வேலையும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் வேவு பார்க்க வேண்டும் என்று இல்லை. அவளுக்குச் செய்யத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அன்று ஓட்டை இல்லாத புது டிரேக்கள். மேசையின் செங்கற்களை அவளே எடுத்துவிட்டிருந்தாள். வேலை சுத்தமாக நடந்தது.

செபாஸ்தியம்மாள் வாசலைக் கூட்டினார். கூட்டின இடத்தையே மறுபடி கூட்டினார். சுளகில் சேர்ந்தது தூசியும் தொலியும் நாலைந்து வெங்காயமும். அவரோடு வருகிற இரண்டு பேரில் ஒருத்தி பேச்சிமுத்துவின் மனைவி. அவள் வெறும் சுளகை இடுப்பில் வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். பேச்சிமுத்து அவளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், உள்ளே போய் ஆணியிலிருந்து கொக்கியை எடுத்துக்கொண்டு வந்தான்.

பொன்னழகு அவனைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. இல்லாத கையின் பக்கம் லேசாகச் சரிந்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள். திட்டத்தில் எல்லாருக்கும் ஒரு வேலை வைத்திருந்தாள். இந்த மூன்று பேருக்கு மட்டும் வேலை இல்லாமல் செய்து, அதை அவர்களுக்குச் செய்த நன்மை என்று வடை கொடுத்துச் சொல்லியிருந்தாள். அவர்களும் மரியாதைக்காக நல்லதுதான் என்று சொல்லியிருந்தார்கள். எதிர்ப்பு முதல் நாளிலிருந்தே இருந்தது. அது பேசாமல், சதுரமாகக் கடித்துக்கொண்டிருந்தது.

காரணம் தெரிந்துவிட்டால் தீர்வு சுலபம் என்று அவள் நினைத்தது அடுத்த தப்பு. அடுத்த சந்தை நாள் நல்ல வெங்காயமாக அள்ளி மூன்று பைகளில் போட்டு, வேலை முடிந்ததும் மூன்று பேர் கையிலும் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள். மூன்று பையும் சாயங்காலம் அவளுடைய நாற்காலிக் காலடியில் இருந்தது. மறுமுறையும் கொடுத்தாள். மறுமுறையும் இருந்தது. கடைசியில் செபாஸ்தியம்மாளை உள்ளே கூப்பிட்டு, மேசை ஓரமாக ஒரு சாக்கை விரித்து உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"முன்ன கெடச்சத விடக் கூடத்தானக்கா இருக்கு?"

"கூடத்தான் இருக்கு."

"பெறகு ஏன் வச்சுட்டுப் போறீங்க?"

"நீ குடுக்குற, நான் வாங்குறேன்" என்றார் செபாஸ்தியம்மாள். "இன்னைக்கு உனக்கு மனசு நல்லாருக்கு, குடுக்குற. நாளைக்கு ஏதோ கோவம், இன்னைக்கு இல்லக்கான்னு சொல்லுவ. நான் உன் மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்கணும். கீழ விழுந்தத எடுக்க நான் யாரு மொகத்தயும் பாக்க வேண்டியதில்ல தாயி. எங்கம்மாவும் பாத்ததில்ல."

"அப்பச் சம்பளமா வாங்கிக்கங்க."

"சம்பளம்னா நீ வான்னா வரணும், போன்னா போகணும். இந்த வாசலுக்கு என்னைய யாரும் வரச் சொன்னதுமில்ல, போகச் சொன்னதுமில்ல."

"என்னதான்க்கா செய்யச் சொல்றீங்க?"

"சிந்தணும்" என்றார். அதில் விளங்காமல் போக ஒன்றும் இல்லை என்பது போல் சுளகை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

பொன்னழகு அதை இரண்டு நாள் யோசித்தாள். அபத்தம் என்று பட்டது. வெங்காயம் சிந்தாமல் இருக்கத்தான் இவ்வளவும். ஆனால் எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் அந்தப் பெண்மணி சொன்னதில் ஓட்டை தெரியவில்லை. பையில் இருக்கும் வெங்காயமும் தரையில் கிடக்கும் வெங்காயமும் ஒரே வெங்காயந்தான். பையில் இருப்பது கொடுக்கிறவருடையது, தரையில் கிடப்பது எடுக்கிறவருடையது. நடுவில் இருப்பது ஒரு விழுதல் மட்டுமே.

திட்டத்தில் ஒன்றைச் சேர்த்தாள். ஒவ்வொரு சந்தை நாளும் பிரித்து முடித்த நல்ல வெங்காயத்தில் ஒரு டிரே, அவளுடைய கமிஷனில் பிடித்துக்கொண்டு, வாசலில் சிந்தப்படும். அதற்குப் பதிலாகக் கொக்கிகள் எல்லாம் அவளிடம் வந்துவிட வேண்டும். இதைப் பேச்சிமுத்துவிடம் சொல்லி, சிந்த வேண்டியவன் அவன்தான் என்றும் சொன்னாள்.

"முடியாதுக்கா" என்றான் பேச்சிமுத்து.

பொன்னழகுக்கு மனசு லேசானது. கிறிஸ்துராஜ் சொன்ன எதிர்ப்பு ஒருவழியாக வந்துவிட்டது. உட்கார்ந்து பேசலாம்.

"ஏன் முடியாது?"

"சொம தூக்குறவன் தெரிஞ்சே கொட்டுனா அசிங்கம்ல. நாலு கடைக்காரன் பாப்பான்."

"கொக்கியில கிழிச்சப்ப பாக்கலையா?"

"அது தானா விழுந்துச்சு."

"டிரேயில சதுரமா வெட்டுனது?"

"அது எலி" என்றான், விட்டுக்கொடுக்காமல்.

வெகுநேரம் பேசிய பிறகு வழி பிறந்தது. பேச்சிமுத்து கொட்ட மாட்டான். ஆனால் வாசல்படியில் ஒருவனுக்குக் கால் தடுக்குவதை யாரும் குறை சொல்ல முடியாது. அது சந்தைக்குச் சந்தை தடுக்கினாலும் படியின் குற்றம்தான். இதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அவன் போட்ட ஒரே நிபந்தனை.

முதல் நாள் அவன் கொஞ்சம் உண்மையாகவே தடுக்கி விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். பிறகு நயம் கைவந்தது. இடது கால் படியில் உரசும், உடம்பு ஒரு பக்கம் சாயும், டிரே கவிழும், ஆள் நிற்பான். செபாஸ்தியம்மாள், "பாத்துப் போ அப்பு" என்பார். பிறகு மூன்று பேரும் கூட்டுவார்கள். பக்கத்துக் கடைகளில் பேச்சிமுத்துவுக்கு வயதாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அவன் பொறுத்துக்கொண்டான். கொக்கிகள் பொன்னழகின் நாற்காலிக்கு அடியில் ஒரு சாக்குப் பைக்குள் போயின. எலி கடிப்பது நின்றது.

பொங்கலுக்கு முந்தைய கடைசிச் சந்தையன்று நூர் அகமது வந்தார். முடிவு சொல்லத்தான் வந்தார் என்பது அவர் உட்காராததிலிருந்து தெரிந்தது. அன்று பார்த்துப் பேச்சிமுத்து இல்லை. மச்சானுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு வத்தலக்குண்டு போயிருந்தான்.

நூர் அகமது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிவந்தார். வெறும் ஆணியைப் பார்த்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒரு கை வெங்காயம் அள்ளி மோந்து பார்த்தார். தரை பளிச்சென்று இருந்தது. அவர் முகத்தில் இரண்டு மாதமாக இல்லாத ஒரு தளர்வு வந்தது. இன்னும் செத்த நேரத்தில் அவர் லோடு சொல்லிவிடுவார்.

செபாஸ்தியம்மாளும் இன்னொருத்தியும் விளக்குமாற்றோடு வாசல் சுவர் ஓரமாக நின்றார்கள். அவர்கள் பொன்னழகின் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிரித்து வைத்த ஒரு டிரே படிக்குப் பக்கத்தில் இருந்தது. சுமை தூக்குகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தடுக்கி விழ அவர்களில் யாரிடமும் சொல்லப்பட்டிருக்கவில்லை.

இன்று ஒரு நாள் விட்டுவிடலாம். வெங்காயம் சிந்தக் கூடாது என்று சொன்ன மனிதர் முன்னால் நிற்கிறார். அவர் போன பிறகு இரண்டு டிரேயாகக் கொட்டிக்கொள்ளலாம். அப்படித்தான் பொன்னழகு முதலில் நினைத்தாள். நினைத்ததும், இன்னைக்கு இல்லக்கா என்று செபாஸ்தியம்மாள் சொல்லிக்காட்டிய அந்த வார்த்தை தன் வாய்க்குள் தயாராக இருப்பது தெரிந்தது.

எழுந்து போய் டிரேயைத் தூக்கினாள். பதினொரு வருடமாக ஒரு வெங்காயம்கூடக் கை நழுவாமல் பிடித்துப் பழகிய கை. படி வரைக்கும் போனாள். கை விடவில்லை. ஒரு காலைப் படியில் உரசிப் பார்த்தாள். அப்போதும் விடவில்லை. கடைசியில் குழந்தையைத் தொட்டிலில் இறக்குவதுபோல் டிரேயைச் சாய்த்தாள். வெங்காயம் சரசரவென்று இறங்கி வாசல் முழுக்க ஓடியது. சில உருண்டு போய் நூர் அகமதுவின் செருப்பில் முட்டி நின்றன.

அவர் தரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அது சிந்தல், பாய்" என்றாள் பொன்னழகு.

"எப்பவும் இம்புட்டா?"

"ஒரு டிரே. கூடவும் போகாது, கொறையவும் கொறையாது. என் கமிஷன்ல போகுது."

அவர் குனிந்து ஒன்றை எடுத்து, விரல்களுக்கு நடுவில் உருட்டி, துளை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. எடுத்ததை டிரேயில் போடவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்தார். விளக்குமாறு வருவதற்கு வசதியாக இரண்டு எட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

"ரெண்டு வண்டி அனுப்புறேன். மத்தியானத்துக்குள்ள ஏத்திருங்க" என்றார்.

அவர் போன பிறகு செபாஸ்தியம்மாள் கூட்ட ஆரம்பித்தார். படிப் பக்கம் வந்தபோது தலையைத் தூக்காமல், "பேச்சி மாதிரி வரல தாயி. நீ எடுத்து வச்ச மாதிரி இருந்துச்சு" என்றார்.

"பழகிருவேன்க்கா."

மலைக்கோட்டைப் பாறையில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. மலைச்சாமியிடமிருந்து போன் வந்தது. பாய் வந்தாரா, என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னாள். எப்படியும் இது உனக்கு அலைச்சல்தான், பொங்கல் கழிச்சு நல்ல வெலை வந்தாக் குடுத்துருவோம் என்றார். அவருடைய குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"குடுக்குறதுக்கு நீங்க யாருங்க?" என்றாள் பொன்னழகு. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள். "நீங்க எனக்குக் குடுத்துட்டுப் போகல. போட்டுட்டுப் போனீங்க. நான் எடுத்துக்கிட்டேன்."

தோப்பில் எங்கோ ஒரு தேங்காய் விழுந்த சத்தம் போனில் கேட்டது. மலைச்சாமி, "சாப்டியா?" என்று கேட்டார். அவள் இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு, முதல் வண்டி வந்துவிட்டதால் போனை வைத்தாள்.